வாப்பாவைக் குளிப்பாட்ட ஓர் ஆள்

தாராவி, பம்பாய்
14-2-1986

அன்பு மகன் இனாயத்துல்லாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். சவூதியில், தம்மாமில் நீ நோய் நொடி இல்லாமல் வேலைக்குப் போய்வர அல்லாஹ் துணை. இங்கே நாங்கள் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

வாப்பாவுக்கு வாதம் வந்ததிலிருந்து வீட்டில் ஓர் ஆள் வையுங்கள், தனியாகத் தூக்காதீர்கள் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறாய். நானும் சொல்லாமலா இருக்கிறேன்? தோல் பட்டறையில் அத்தனை பேரை வேலை வாங்கின மனுஷன், எவனோ தன் உடம்பைத் தொடுவதா என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போன வாரம் குளிக்கிற மோரியில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றும்போது வழுக்கி இரண்டு பேரும் விழுந்தோம். அவருக்கு அடி இல்லை, எனக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது, எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், பயப்படாதே. சேதி கேட்டு உன் ராத்தா சாயிரா அம்பர்நாத்திலிருந்து ஓடி வந்தாள். வந்தவள் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உதுமான் பாயைக் கூட்டிவந்து நிறுத்தினாள். நம் ஜமாஅத்தில் மவுத்தானவர்களை அடக்கத்துக்கு முன்னால் குளிப்பாட்டுகிறவர் அவர்தானே. அசையாத உடம்பை நோகாமல் புரட்டத் தெரிந்தவர் என்று நினைத்திருக்கிறாள், புத்தி அதற்கு மேல் போகவில்லை.

தோளில் துண்டோடு அவர் வாசலில் நின்றதைப் பார்த்ததும் வாப்பாவின் முகம் வெளிறிவிட்டது. "நான் மவுத்தாயிட்டேனா? எங்கிட்டச் சொல்லாமலே முடிவு பண்ணிட்டியளா?" என்று கேட்டார். உதுமான் பாய், பாவம், தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அதன் பிறகு கஞ்சியும் வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். முதுகில் புண் விழத் தொடங்கியிருக்கிறது, சுத்தமாக வைக்காவிட்டால் புரையோடிவிடும் என்று டாக்டர் என்னைத் திட்டுகிறார். சாயிரா பொறுக்க மாட்டாமல், உங்கள் ரோஷத்துக்கு உம்மாவையும் படுக்கவைக்கப் போகிறீர்களா என்று கத்திவிட்டாள். வாப்பாவிடம் பேசுகிற பேச்சா இது என்று அவளை அதட்டினேன். ஆனாலும் என் வீங்கின கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ, குளிக்காமல் எப்படி என்று அவரே உதுமான் பாயைக் கூப்பிடச் சொன்னார். வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இப்ப நீங்க குளிப்பாட்டுங்க. கடைசிக் குளிப்புக்கு எம்மவன் வருவான், அன்னைக்கு நீங்க கை வைக்கப்படாது" என்றார். உதுமான் பாய் சரி என்றார். அதோடு விடாமல் வாப்பா என்னைப் பார்த்து, வருவான்தானே என்று கேட்டார். வருவான் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம்தான் சட்டையைக் கழற்ற விட்டார்.

மகனே, மவுத்தானவரை இங்கே ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். நீ அரபி முதலாளியிடம் பாஸ்போர்ட்டை வாங்கி, டிக்கெட் எடுத்து வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டார், தெரிந்துதான் நானும் சொன்னேன்.

சாயிராவும் பிள்ளைகளும் சலாம் சொல்கிறார்கள். அங்கே குளிர் என்றாயே, ஸ்வெட்டரைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. எப்படியாவது லீவு கேட்டு வா. அந்தக் கடைசிக் குளிப்புக்கு உன்னால் வர முடியாமல் போனாலும் போகட்டும், தண்ணீர் ஊற்றுவது நீதான் என்று அவருக்குத் தெரியும்போதே ஒரு தடவை வந்து ஊற்றிவிட்டுப் போ.

உன் உம்மா,
ஆபிதா