எந்தப் பக்கம் திருப்பணும்

என்னங்க,

வேலைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு.

வண்டியோட ஆயில் ஃபில்டரை ஸ்க்ரூ டிரைவரால குத்தித் திருப்பாதீங்க. அதோட தகரம் கிழிஞ்சா ஆயில் ஒழுகி, வண்டியை நகர்த்தவே முடியாது. அதான் ஸ்க்ரூ டிரைவரை என் பையில போட்டுக்கிட்டேன், தேடாதீங்க.

மத்தியானம் எங்கண்ணன் வந்து பாக்கறேன்னார். அவரைக் கூப்பிட்டதுக்குத்தானே நேத்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டீங்க?

ஃபில்டர் தலைகீழா தொங்குது. மேலேருந்து குனிஞ்சு வழக்கம்போலத் திருப்பினா இறுகத்தான் செய்யும். நேத்து சாயங்காலம் பூரா நீங்க இறுக்கிக்கிட்டுதான் இருந்தீங்க. சொல்ல வந்தா, "உனக்கென்ன தெரியும்"னு எரிஞ்சு விழுந்தீங்க.

பி.கு: அண்ணன் வர்றதுக்குள்ள எதிர்ப்பக்கமா திருப்பிக் கழட்டிடுங்க. முடியலைன்னா, துருப்பிடிச்சுப் போச்சுன்னு சொல்லுங்க. நானும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்.

இந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுடுங்க.