குழாயில் அடைப்பு இல்லை

அம்மாடி,

போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். அத்தையின் குத்தகை வயல் ஐந்து நாளாக மழைத் தண்ணீருக்குள் கிடக்கிறது.

வயலுக்குக் குறுக்கே நீ வரைந்து கொடுத்த ரோட்டில் நின்று அத்தை சொன்னாள்: "ரோடு நல்லாத்தான்டா போட்டிருக்கா ஒம்மவ. ஒரு சொட்டுத் தண்ணி தாண்டல."

எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. "குழாய்ல குப்பை அடைச்சிருக்கும்க்கா" என்றேன். ஒன்பதாம் வகுப்பில் தோற்றவன்தான், ஆனால் இருபத்திரண்டு வருடம் மட்டாஞ்சேரிச் சாக்கடைகளில் மூங்கில் குத்தியவன். அந்தப் படிப்பில் நான் பெரிய டாக்டர். வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, ரோட்டுக்கு அடியில் இருக்கும் குழாய்க்குள் மூங்கிலை விட்டேன். மறுபக்கம் வரை தடையில்லாமல் போனது. வயல் மட்டத்துக்கு ஒரு முழம் மேலே குழாய் வைத்திருக்கிறாய். அதற்குக் கீழே நிற்கும் தண்ணீர் ஏறியா போகும்?

நீ வரைபடத்தைக் காட்டிய அன்றைக்கே கேட்டேன், தண்ணி எங்கே போகும் என்று. "கணக்கெல்லாம் சரியா இருக்குப்பா" என்றாய். கலூர் ஆபீஸை விட்டு ஒரு நாள் வந்து வயலில் கால் வைத்தாயா? நானும் வாயை மூடிக்கொண்டு, ரோடு திறந்த அன்று மகள் போட்ட ரோடு என்று நம் கொச்சங்காடித் தெரு முழுக்க லட்டு கொடுத்தேன். அக்கா வயல் மூழ்குவதற்கு லட்டு கொடுத்த மடையன் ஊரில் நான் ஒருவன்தான்.

நாற்று இன்னும் இரண்டு நாள் தாங்கும். ரோட்டை வெட்டச் சொல்லும் மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. குழாயைத் தப்பாக வைத்ததுதான் காரணம் என்ற வரியும் நான் சொன்னதுதான். உன் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரிந்தேதான் போட்டேன்.

ஒரு கைப்பிடிக் குப்பையாவது வராதா என்று மூன்று தடவை குத்திப் பார்த்தேன், அம்மாடி.

உன் அப்பா