மான் வராத சனிக்கிழமை

நவம்பர் 15, சனி இரவு. இர்விங்.

பக்கத்து வீட்டு லிண்டாவோடு மான் வேட்டைக்குப் போய் வந்தேன். வேலை போனதிலிருந்து வீட்டிலேயே அடைந்து கிடக்கிறேன் என்று அவள்தான் கூட்டிப் போனாள். துப்பாக்கி அவளிடம் இருந்தது. சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் என் வேலை. அது இப்போது எனக்கு நன்றாகவே வருகிறது.

விடிந்து, வெயிலும் ஏறிவிட்டது. ஒரு மான்கூட வரவில்லை. மனதில் எதுவும் ஓடவில்லை, கால் மட்டும் மரத்துப் போனது. துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டே லிண்டா, இன்று நல்ல நாள் என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள்.

வாசலிலேயே என் கணவர் பிடித்துக்கொண்டார். "என்ன உமா, வெறுங்கையோட வர்றே? நான் மசாலா எல்லாம் அரைச்சு வச்சுட்டேனே."

"மான் வரலைங்க."

அந்த மசாலாவை உருளைக்கிழங்கில் போட்டார். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஒவ்வொரு இன்டர்வியூவுக்குப் பிறகும் ஏன் கிடைக்கவில்லை என்று காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று மான் வரவில்லை, அவ்வளவுதான். திங்கட்கிழமை இன்னொரு இன்டர்வியூ. விசா பற்றி இன்று எழுதப் போவதில்லை.

அடுத்த சனிக்கிழமையும் வருகிறேன் என்று லிண்டாவிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் மசாலா அரைத்துவிடுவார்.