மாப்பிள்ளையைத் தின்றவள்

ஜூன் 4

அடி வாண்டு,

நலமா என்று கேட்டால் சண்டைக்கு வருவாய். அதனால் கேட்கவில்லை, நீயாகவே எழுது. மணிக்கொரு தரம் போன் போட்டு "சர்க்கரை எவ்வளவுடி?" என்று நச்சரிக்கிறேனாம், இனிமேல் கடிதம்தான் என்று சட்டம் போட்டுவிட்டுப் போய்விட்டாய். தபால்தலை வாங்கப் போனால் அங்கே இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

நம் ஒப்பந்தம் நினைவிருக்கட்டும். மூன்று மாதம் தனியாக இருந்து காட்டு. நடுவில் ஒரே ஒரு தடவை சர்க்கரை இறங்கி நீ தடுமாறினாலும், பஸ் ஏறி வந்து உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். ஒன்பது வயதிலேயே உனக்கு ஊசி போடக் கற்றுக்கொண்டவள் நான். பத்தொன்பது வருஷமாக உன்னை விட்டுவிட்டு ஒரு நாள்கூட வெளியூரில் தங்கியதில்லை. இப்போது எனக்குப் பொழுதே போகவில்லை. உன் அத்தானுக்கு ஒரு நோயும் இல்லை; அவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

போயும் போயும் கேக் கடையிலா வேலை தேடுவாய்? நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அது கிடக்கட்டும். இன்சுலின் போட்டுக்கொள்கிறாய் என்று உன் முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டாயா, இல்லையா?

உன் அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. போனில் திட்டுவதைவிடக் கடிதத்தில் நீ நன்றாகத் திட்டுகிறாய்.

என் அறை, சாவி செய்கிறவர் கடைக்கு மேலே இருக்கிறது. கட்டில், நாற்காலி, ஆடுகிற மேஜை, ஒரு குட்டி ஃபிரிட்ஜ். அதில் இன்சுலின் இரண்டு பெட்டி, முட்டை, வெண்ணெய். ராணி மாதிரி இருக்கிறேன். கடையில் நாங்கள் மூன்றே பேர். முதலாளியம்மா குரலை உயர்த்தினால் தட்டுகள் அதிரும். அடுப்பு அண்ணன் நாள் முழுக்கப் பேசுவது நாலு வார்த்தை. நான் சர்க்கரைப் பாகில் பொம்மை செய்கிறேன்: பூ, முயல், கல்யாணக் கேக்கின் உச்சியில் நிற்கும் ஜோடி.

சர்க்கரைதான் தன் இஷ்டத்துக்கு ஆடுகிறது. திங்கட்கிழமை இரண்டு துண்டு ரொட்டி, ஒரு முட்டை, எட்டு யூனிட், அளவு 130. செவ்வாய்க்கிழமை அதே ரொட்டி, அதே முட்டை, அதே எட்டு, அளவு 287. நான் என்ன பாவம் செய்தேன், சொல்லு. சாவிக் கடைக்காரரிடம் முந்தைய நாள் வாய்ச்சண்டை போட்டதும் கணக்கில் சேருமோ என்னவோ.

முதலாளியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கோபப்படாதே. முன்பு வேலைக்குப் போன இடத்தில் சொன்ன மறுநாளே "நீங்க வர வேண்டாம்மா" என்றார்களே, மறந்துவிட்டாயா? இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, அக்கா. இதை இழக்க மாட்டேன்.

வாண்டு (இன்று காலை 118. கேட்காமலே சொல்கிறேன், பார்த்துக்கொள்)

ஜூன் 17

அடியே,

சொல். சொல். சொல். மூன்று தடவை எழுதிவிட்டேன். நீ மயங்கி விழுந்தால் அந்த நாலு வார்த்தை அண்ணனுக்கு என்ன செய்வதென்று எப்படித் தெரியும்?

அக்கா

ஜூன் 24

அன்புள்ள அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. நான் ஒரு மாப்பிள்ளையைத் தின்றுவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறேன், கல்யாண வீட்டு வண்டி ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நிற்கிறது. "ஓடி வா!" என்று முதலாளியம்மா கத்தினார். இரண்டு நிமிஷம்தானே என்று சாப்பிடாமலே போனேன். அரை மணி ஆயிற்று. கேக் உச்சியில் பொம்மைப் பெண்ணின் முக்காட்டைச் சரிசெய்யும்போது விரல் நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, மேஜை எங்கேயோ போய்த் திரும்பி வந்தது. குளுக்கோஸ் மிட்டாய் என் பையில். பையோ, யாரும் பார்த்துவிடக்கூடாதென்று நானே பூட்டி வைத்த அலமாரியில். சாவியைத் துவாரத்தில் நுழைக்கக் கை ஒத்துழைக்கவில்லை. எதிரே மாப்பிள்ளை கறுப்புக் கோட்டில் நின்றான். எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். தலை முதல் கால் வரை. போதாதென்று பீடத்திலிருந்த மூன்று ரோஜாவும்.

கால் மணியில் தெளிந்தது. அதற்குள் முதலாளியம்மா வந்துவிட்டார். "மாப்பிள்ளை எங்க?" என்றார். அடுப்பு அண்ணன் குனிந்து மேஜைக்கடியில் தேடினார். எலியாக இருக்கும் என்றார். முதலாளியம்மா என்னையே பார்த்தார். "வாயைத் திற" என்றார். திறந்தேன். நாக்கெல்லாம் கறுப்பு.

"பசிச்சா கேக்க மாட்டியா? திருடித் தின்னணுமா?"

வேலை போனாலும் பரவாயில்லை, திருடி என்ற பேர் வேண்டாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வண்டிக்காரர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். முதலாளியம்மா தட்டு அதிர ஒரு கத்து கத்தினார்: "இதை மொத நாளே சொல்லியிருந்தா ரெண்டு மாப்பிள்ளையா செஞ்சு வச்சிருப்பேன்ல! மொதல்ல உக்காந்து சாப்பிடு. வண்டி நிக்கட்டும்!"

சாப்பிட்டு முடித்து இருபது நிமிஷத்தில் புது மாப்பிள்ளை செய்தேன். அவசரத்தில் கொஞ்சம் குண்டாகிவிட்டான். நிஜ மாப்பிள்ளையும் குண்டுதானாம், "அச்சு அசல்!" என்று பெண் வீட்டார் பாராட்டினார்களாம். எனக்குத்தான் மாலையில் 312 ஏறி, குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன்.

இப்போது என் சாப்பாட்டு நேரத்தில் கடையே நிற்கிறது. அடுப்பு அண்ணன் விரல் குத்துகிற கருவியைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். அவருக்கு ஐந்தாவது வார்த்தை கிடைத்துவிட்டது: "எவ்வளவு?"

இதையெல்லாம் உனக்கு எழுதாமலே விட்டிருக்கலாம். உன்னை ஏமாற்ற மனசு வரவில்லை. ஒப்பந்தப்படி நான் தோற்றேன். நீ கூப்பிட்டால் வந்துதான் ஆகவேண்டும். ஆனால் வர எனக்கு இஷ்டமில்லை, அக்கா. இங்கே நான் சந்தோஷமாக இருக்கிறேன்.

உன் வாண்டு

ஜூலை 2

என் செல்லமே,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் படித்து நான் சிரித்த சிரிப்பில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் பயந்துபோய் மூடிக்கொண்டார். பிறகு பாத்ரூமில் போய் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

"எவ்வளவு?" என்று இன்னொருவர் உன்னைக் கேட்கிறார் என்று படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பத்தொன்பது வருஷம் என் வேலையாக இருந்தது அது. நான் பக்கத்தில் இல்லாவிட்டால் நீ செத்துப்போவாய் என்று தினமும் நினைத்தேன், வாண்டு. அன்றைக்கு நான் பக்கத்தில் இல்லை. நீயே கண்டுபிடித்தாய், நீயே தின்றாய், நீயே எழுந்து நின்று வேலையை முடித்தாய். எனக்கு எழுதவும் செய்தாய்.

உன் அத்தானிடம் இரண்டு நாள் தனியாகச் சமாளித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். மனுஷர் திருதிருவென்று விழிக்கிறார். சனிக்கிழமைக்குப் பஸ் டிக்கெட் எடுத்துவிட்டேன். வர ஒன்று, திரும்ப ஒன்று. இரண்டும் எனக்கு மட்டும்தான்.

உன் அக்கா