நான்காம் வகுப்பு கீழே வந்தது

பன்வில

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் உங்கள் மகள் ஜூலியும் சுகமாக இருக்கிறோம். குவைத்தில் வெயில் தணிந்ததா? தொலைபேசியில் உங்கள் குரலைக் கேட்டதும் எனக்குப் பாதிப் பேச்சு நின்றுவிடுகிறது. அதனால்தான் வெள்ளிக்கிழமை அங்கே வரும் ஹபீலா அக்காவிடம் இந்தக் கடிதத்தையும், தேங்காய்ப்பால் விட்டு நான் கிண்டிய கொஞ்சம் தொதலையும் கொடுத்தனுப்புகிறேன்.

நான்காம் வகுப்பு மாடியில் இருக்கிறது, ஊன்றுகோலோடு ஜூலியால் ஏற முடியாது, கண்டியில் விடுதியுள்ள விசேட பாடசாலையில் சேர்த்துவிடுங்கள் என்று எங்கள் பாடசாலை அதிபர் சொன்னார் அல்லவா? நீங்களும் அழுதுகொண்டே சரி என்றீர்கள்.

ஆசிரியர் கூட்டத்தில் அந்தப் பேச்சு மறுபடி வந்தது. நியமனம் கிடைத்த நாளிலிருந்து நான் அங்கே வாய் திறந்ததில்லை. அன்று எழுந்துவிட்டேன். சேலை நுனியை முறுக்கிக்கொண்டே, பிள்ளை மேலே போக முடியாவிட்டால் வகுப்பு கீழே வரலாமே, அதற்காக அவளை வெளியே அனுப்புவது நியாயமா என்று கேட்டேன். கீழே எங்கே இடம் என்றார் அதிபர். இந்த ஆசிரியர் அறைதான், நாங்கள் மேலே போவோம் என்றேன். எல்லோரும் தேநீர்க் கேத்தலைப் பார்த்தார்கள், அக்கா!

பெற்றீசியா டீச்சர்தான் முதலில் பதறினார். "ஐயோ பிள்ள, என் முழங்காலுக்கு அந்தப் படி ஆகுமா?" என்றார். சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டார். "அப்ப டீச்சரையும் கண்டிக்கு அனுப்பிருவோமா?" என்று முனாஸ் சேர் கேட்க, அதிபரே சிரித்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமையே அப்பாவும் சில பெற்றோரும் மேசை கதிரைகளை இறக்கினார்கள். வாசற்படியில் சீமெந்துச் சரிவும் போட்டாயிற்று. பெற்றீசியா டீச்சரின் மேசை மட்டும் கீழேயே, நூலக மூலையில் இருக்கிறது.

இன்னொரு கூத்து. வகுப்பைக் கூட்டும் முறைப் பட்டியலில் ஜூலியின் பெயரை விட்டுவிட்டார்கள். பாவம் பார்த்துத்தான். இவள் வகுப்பாசிரியர் வில்பிரட் சேரிடம் போய், "நானுந்தானே சேர் குப்பை போடுறேன், என் பேரையும் எழுதுங்க" என்றாளாம். இப்போது புதன்கிழமை அவள் முறை. ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையில் தும்புத்தடி. மூலையில் குப்பை மிஞ்சும். கூட்டாளிகள் ஏசுவார்கள், அவளும் விடாமல் திருப்பி ஏசுவாள். எனக்கு அதைக் கேட்கக் கேட்க அவ்வளவு சந்தோஷம்.

இனி விடுதிப் பேச்சை யாரிடமும் எடுக்க வேண்டாம் அக்கா. அவள் எங்களோடு இருந்தே படிக்கட்டும். நீங்கள் வரும்போது அவள் இந்த வீட்டிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, புதன்கிழமைகளில் சற்றுப் பிந்தி அழையுங்கள். போன புதன் பாடசாலை விட்டதும் நீங்கள் அழைத்தபோது, வகுப்பைக் கூட்டிக்கொண்டிருந்தவளிடம் போனை நீட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மாவக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க சித்தி, எனக்கு வேல இருக்கு" என்றாள்.

மாதா உங்களைத் தன் கைக்குள் வைத்திருக்கட்டும்.

அன்புத் தங்கை,
ஜெனிட்டா