மூன்றாவது வரியின் ஆசான்

குகட்பள்ளி, ஹைதராபாத்
28 ஆகஸ்ட் 2008, வியாழன் மாலை

அன்புள்ள ருக்கு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். லீட்ஸில் நீயும் நலமாக இருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரை அப்படியே இரு. தமிழில் எழுதினால்தான் பதில் போடுவேன் என்று நீ போட்ட சட்டப்படி, நெட் சென்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன். பக்கத்து நாற்காலியில் ஃபாத்திமா, "கைக்கு எதுக்கு இத்தனை டென்ஷன்? போன் பண்ணித் தொலையேன்டி" என்கிறாள். வீட்டில் பேசினால் அப்பா காதில் விழும். உன் குரல் மாறுவதைக் கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. தெருமுனையில் பிள்ளையார் பந்தல் எழும்பிவிட்டது, மைக் டெஸ்டிங் என்று காலையிலிருந்து ஒருவன் கத்துகிறான். என் பிசிக்ஸ் மார்க்கைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுத மறந்துவிடுகிறேன்.

இனி விஷயம். வருகிற திங்கட்கிழமை நீ கொடுக்கப்போகும் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயம், இருபத்து மூன்றாம் அடிக்குறிப்பு. பிள்ளைகள் வளர இடம் விட்டுப் பெற்றோரும் பின்வாங்க வேண்டும் என்று பதினாறாம் நூற்றாண்டு யூத ஆசான்கள் போதித்ததாக ஒரு வரி இருக்கிறதே, அக்கா, அந்த ஆசான் நான்தான்.

"நான் என்ன படிக்கிறேன் என்று தெரிந்துகொள், வாயாடி" என்று சொல்லி பிப்ரவரியில் ஒரு சுட்டி அனுப்பினாய். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் யூதச் சிந்தனை பற்றிய கட்டுரை. உலகம் உண்டாக இடம் வேண்டுமே என்று கடவுள் தன்னையே சுருக்கிக்கொண்டார் என்ற கருத்து. கட்டுரை நோஞ்சானாக இருந்தது. நீ சுட்டியோடு அனுப்பிய குறிப்பிலிருந்து புத்தகப் பெயர், பக்க எண் எல்லாம் போட்டு இரண்டு வரி சேர்த்தேன். மூன்றாவது வரிக்குப் புத்தகம் கிடையாது. நீ கண்டுபிடிக்கிறாயா பார்க்கலாம் என்று குறும்புக்குப் போட்டேன்.

அது பாதி உண்மைதான். அன்று காலை உன் போனை எடுத்த அப்பா, "மாதாப்பூர் கம்பெனி வேலையை உதறிட்டுப் போனவளுக்கு இங்க யாரும் இல்ல" என்று சொல்லிப் போனை வைத்தார். கடவுளே நகர்ந்து இடம் விட்டிருக்கிறார், இவருக்கு என்ன வந்தது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைத் தூக்கி ஆசான்கள் வாயில் போட்டுவிட்டேன். நிஜமாகவே யாராவது எங்காவது அப்படிச் சொல்லியிருக்கலாம். நான் படித்து எழுதவில்லை, அதுதான் குற்றம்.

அந்தக் கலைக்களஞ்சியத்தில் சொந்த ஆய்வு கூடாது என்று ஒரு விதி. ஏற்கெனவே யாரோ அச்சில் சொன்னதைத்தான் எழுதலாம். இரண்டு உண்மையைக் கூட்டி மூன்றாவதாக நாமே ஒன்று சொன்னாலும் தப்பு. எனக்கு அந்த விதி தெரியும். ஆதாரம் எங்கே என்று ஒருவர் கேட்டபோது, வந்துகொண்டே இருக்கிறது, டிராஃபிக் என்று பதில் போட்டேன். அவரும் விட்டுவிட்டார்.

ஜூனில் ஓர் இணையப் பத்திரிகைக்காரர் என் வரியை அப்படியே எடுத்துத் தன் கட்டுரையில் வைத்துக்கொண்டார். நீ கலைக்களஞ்சியத்தை நம்பவில்லை, பத்திரிகையை நம்பி அடிக்குறிப்பு போட்டுவிட்டாய். இது எனக்குப் போன ஞாயிறுதான் தெரிந்தது.

மறுநாள் திங்கட்கிழமை ஓடிப்போய் வரியை அழித்தேன். செவ்வாயன்று ஒருவர் அதே பத்திரிகையை ஆதாரமாகக் காட்டித் திரும்பச் சேர்த்துவிட்டார். நேற்று, இது நானாக எழுதியது, எனக்குப் பதினாறு வயது, மன்னியுங்கள் என்று கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் ஒப்புக்கொண்டேன். நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்கிறார்கள்! பிப்ரவரியில் பெயர் பதியாமல் இதே நெட் சென்டரிலிருந்து எழுதினேன், நிரூபிக்க முடியவில்லை. என் வாக்குமூலமும் சொந்த ஆய்வாம். ஆதாரம் கேட்ட ஊரில் சேதாரம் முழுக்க எனக்குத்தான். சிரிக்காதே. நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு என்ன நடந்தது என்று சொல்லவில்லையே. நீ அம்மாவுக்கு அனுப்பிய அத்தியாயத்தை அப்பா ஆபீஸில் பிரின்ட் எடுத்து வந்திருக்கிறார், நம்ம அப்பா! இட்லி ஆறுகிறது, மனிதர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஏட்டி சுபா, ஒங்க அக்கா எழுதிருக்கத கேளு. பிள்ளைக்கு எடம் விடணும்னு நானூறு வருசம் முந்தியே சொல்லிருக்கானுவ" என்று என் வரியை இரண்டு தடவை வாசித்தார். அம்மா, "இத எட்டு மாசம் முந்தி யாராவது ஒங்களுக்கு வாசிச்சுக் காட்டிருக்கக் கூடாதா" என்றாள். அப்பா, லீட்ஸில் இப்போது மணி என்ன என்று மட்டும் கேட்டார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். தினமும் சட்டை மாற்றும்போது தாளும் புதுச் சட்டைக்கு மாறுகிறது.

வருகிற ஞாயிறு அவரே உனக்குப் போன் செய்யப் போகிறார். அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

அக்கா, ஆய்விலிருந்து அந்த வரியை எடுத்துவிடு. இன்றைக்கே எடு. உன் பேராசிரியர் பக்க எண் கேட்டால் நீ எங்கே போவாய்? இந்தக் கடிதத்தை அவருக்கு மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டுமானாலும் கொடு, என் பெயரையும் போடு. உன் எட்டு மாதத்தை என் ஒரு வரி தின்றுவிடக் கூடாது.

ஆனால் அப்பா போனில் அதை வாசித்துக் காட்டுவார். அப்போது மட்டும் குறுக்கே பேசாதே. அவர் முழுக்க வாசிக்கட்டும், அதற்குப் பிறகு சொல்ல வந்ததையும் சொல்லி முடிக்கட்டும். அவர் போனை வைத்ததும், அது யார் எழுதியது என்று நானே சொல்லிவிடுகிறேன். சத்தியம். அடி விழுந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

ஞாயிறு போனை எடுத்துவிடு, அக்கா.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
சுபா