பதினாறு வரிக்கான இடம்

மார்செய்,
ஞாயிறு மதியம்.

என் மகன் அன்ஃபானுக்கு உன் தாய் எஷாத்தா எழுதுவது. இறைவனின் அமைதி உன் மேலும் நீ படுக்கும் அறை மேலும் இருக்கட்டும். இங்கே நான், உன் அப்பா, ராஃபியா மூவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன், வேறு வழி இல்லை, நீதான் போனை எடுப்பதில்லையே. மனசு எப்படி இருக்கிறது என்று கேட்காதே. அது எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. நாற்பத்தைந்து நாளாக அழைத்துப் பார்த்துவிட்டேன். கடிதம் எழுதும்மா, உறை வந்தால் அண்ணன் பிரிக்காமல் இருக்க மாட்டான் என்று ராஃபியாதான் சொன்னாள். பிரித்திருந்தால் கடைசிவரை படி. நடுவில் மடித்து வைத்துவிடாதே.

முதலில் வீட்டுச் செய்தி. லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது, இது மூன்றாவது வாரம், உன் அப்பா முட்டிவலியோடு ஒன்பது மாடி ஏறி வந்து அரைமணி நேரம் முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ராஃபியா நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம் தேறிவிட்டாள், அவளுக்கு ஒரு வார்த்தை அனுப்பு, உன் பெயரைச் சொல்லாமல் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் எனக்கு அதே வேலைதான். நம் அடுத்த வீட்டு வஹான் இறந்த மறுநாளும் வேலைக்குப் போனேன். இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்குத் தட்டு வைத்தேன், எடுத்தேன், கழுவினேன். மேற்பார்வை அம்மா வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, எஷாத்தா நீ வீட்டுக்குப் போ என்றாள். வீட்டில் போய் என்ன செய்வது என்று கேட்டேன். பிறகு தட்டை வைக்கப் போய்விட்டேன்.

இனி உன் கோபத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் நான் அழைத்து வஹான் இறந்துவிட்டான் என்று சொன்னபோது நீ கேட்டது ஒரே கேள்வி, எத்தனை நாளாக உடம்பு சரியில்லை என்று. எட்டு மாதம் என்றேன். சரி என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்த எட்டு மாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நியாயம் பேச எழுதவில்லை. நடந்தது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன ஜூனில் ரத்தத்தில் புற்று என்று சொன்னார்கள். மருத்துவமனையில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தால் அவன் தன் வீட்டுக்குப் போவதில்லை, அங்கே அனூஷ் மகனைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள் என்று நம் வீட்டுச் சமையலறைக்கு வந்துவிடுவான். தாய் அழுவதைப் பார்க்க முடியாமல் அடுத்த வீட்டுத் தாயிடம் வந்தான், நான் அழவில்லை என்பதுதான் எனக்கு இருந்த தகுதி. எந்தச் சாப்பாடும் அவனுக்கு இரும்பு மாதிரி ருசித்தது, நான் தேங்காய்ப்பால் விட்டுச் செய்யும் மரவள்ளிக்கீரை மட்டும் இறங்கியது. தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டில் எழுதுவான். முதல் வாரமே என்னிடம் சத்தியம் வாங்கினான். அவன் சொன்னதை அவன் பேச்சிலேயே எழுதுகிறேன். "அம்மா, அன்ஃபான்கிட்ட சொல்லாதீங்க. சொன்னா நாளைக்கே ஓடிவந்துடுவான். பாவம் பார்த்து வர்றவன் எனக்கு வேணாம். பாவம் பார்த்தா அவனுக்கு எதுகையே ஒழுங்கா வராது, உங்களுக்குத் தெரியாதா."

எனக்கு எதுகை தெரியாது. ஆனால் நீங்கள் இரண்டு பேரும் பன்னிரண்டு வயதில் அந்தச் சமையலறையில் மேஜையைத் தட்டிக்கொண்டு பிரெஞ்சில் ராப் சொல்லிப் பழகியதில் என் பாத்திரம் எத்தனை நசுங்கியது என்று தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் ஓரான் நகரத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண் உவார்தா கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து உங்களோடு சேர்ந்ததும் தெரியும். ஊரில், நம் தீவில், என் கல்யாணத்தில் வாசித்த வயலினை என் பழைய கேசட்டிலிருந்து எடுத்து அவள் தாளத்துக்குள் போட்டாள், வஹான் அவன் தாத்தா கொண்டுவந்த ஆர்மேனியக் குழலை ஊதினான், அதற்கு அடியில் எங்கோ பிரேசில் தெருவில் அடிக்கிற முரசாம். மூன்று கடல் தாண்டிய சத்தம் ஒரே பாட்டில் சண்டை போடாமல் இருந்தது. அதன் மேல் நீ பதினாறு வரி, அவன் பதினாறு வரி. இந்தப் பக்கத்து இளவட்டங்களுக்கெல்லாம் அது மனப்பாடம்.

பிறகு பாரிஸிலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனி உன்னை மட்டும் கூப்பிட்டது. குழலும் வேண்டாம், தீவு வயலினும் வேண்டாம், அந்தப் பையனும் வேண்டாம் என்றது. நீ போனாய். பழையதைக் கிளற எழுதவில்லை மகனே, இருபத்திரண்டு வயதில் யார் போகமாட்டார்கள். இசைத்தட்டு வந்தது, யாரும் வாங்கிக் கேட்கவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு நீ இங்கே திரும்பாமல் நேரே மாண்ட்ரியலுக்குப் போய்விட்டாய். ஆறு வருஷம். இந்த ஆறு வருஷத்தில் வஹான் உன்னைப் பற்றித் தப்பாக ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. நல்லதாகவும் சொன்னதில்லை. உன் பேச்சு வந்தால் ஜன்னல் வழியே பார்ப்பான்.

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். அக்டோபரில் ஒரு புதன்கிழமை நீ அழைத்தாய், ஞாபகம் இருக்கிறதா, அங்கே முதல் பனி விழுந்துவிட்டது என்றாய். நான் சமோசாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், கை முழுக்க மாவு, அதனால் போனை மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அந்த மேஜையில் எனக்கு எதிரே வஹான் உட்கார்ந்திருந்தான். அன்று காலைதான் மருந்து ஏற்றியிருந்தார்கள், முகம் மெழுகு மாதிரி இருந்தது. நீ வேலையைப் பற்றிச் சொன்னாய், வாடகையைப் பற்றிச் சொன்னாய், பிறகு, "வஹான் எப்படி இருக்கான்?" என்று கேட்டாய். ஆறு வருஷத்தில் முதல் தடவை. நான் அவனைப் பார்த்தேன். அவன் ஒரு விரலை உதட்டில் வைத்தான். "நல்லா இருக்கான்" என்றேன். அந்தப் பொய்யை நான் சொன்னது அப்படித்தான், மாவுக் கையோடு, அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே. நீ உடனே, "நான் கேட்டேன்னு அவன்கிட்ட சொல்லிடாதம்மா" என்றாய். சொல்லமாட்டேன் என்றேன். அது மட்டும் பொய்யில்லை. சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை.

நீ போனை வைத்த பிறகு அவன் சிரித்தான். சிரித்தால் வாய்ப்புண் வலிக்கும், வலிக்க வலிக்கச் சிரித்தான். "கிறுக்கன். குரல் அப்படியே இருக்கு, கொஞ்சம் குளிர் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றான். பிறகு உவார்தாவை அழைத்து, புதுப் பாட்டு ஒன்று செய்யலாம், என் பதினாறு வரிக்கு அப்புறம் இன்னொரு பதினாறு வரிக்குக் காலியாக விடு என்றான். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. அன்று அவன் இரண்டு தட்டு சாப்பிட்டான். நான் உனக்குச் சொல்ல விரும்புவது இதைத்தான். நீ கேட்டது அவன் காதில் விழுந்தது.

டிசம்பரில் அந்தப் பாட்டைப் பதிவு செய்தார்கள். ஸ்டூடியோ என்று பெயர், இளைஞர் மன்றத்துக்குக் கீழே இருக்கிற அந்தச் சைக்கிள் அறைதான். நின்று பாட முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து நான்கு வரி, ஓய்வு, நான்கு வரி, ஓய்வு என்று பாடினானாம். குழலை ஊத மூச்சு போதவில்லை, பழைய பதிவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டான். ஜனவரி கடைசியில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் சத்தியத்தை உடைக்கலாமா என்று உன் அப்பாவிடம் கேட்டேன், அவர் உடைத்துவிடு என்றார். அன்று சாயங்காலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், உன் எண்ணை எடுத்தேன், அழுத்தவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பயமா, கொடுத்த வார்த்தையா, சோம்பலா. சோம்பலாகக்கூட இருக்கலாம் என்று எழுதக் கூசுகிறது, ஆனால் அந்த நாட்களில் கை தூக்குவதே வேலையாக இருந்தது. ஒன்பது நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவன் போய்விட்டான். நீ என்னை மன்னிக்கவேண்டும் என்று இதை எழுதவில்லை. அந்த ஒன்பது நாளுக்கு நான்தான் பொறுப்பு, வஹான் இல்லை. அவன் மேல் கோபப்படாதே.

அடக்கத்துக்கு மழை. நம் கட்டடத்துப் பெண்கள் எல்லாரும் தலைத்துணியோடு ஆர்மேனியக் கோவிலின் கடைசி வரிசையில் நின்றோம், பாதிரியார் பாடியது ஒன்றும் புரியவில்லை. அனூஷ் என் தோளில் சாய்ந்து அழுதாள், என் கோட்டுத் தோள்பட்டை நனைந்துவிட்டது. எனக்கு வரவில்லை மகனே. கோட்டைக் காயப்போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் வரும், வரட்டும் என்று காத்திருக்கிறேன், பேருந்துக்குக் காத்திருப்பது மாதிரி.

பாட்டை உவார்தா ஒரு கம்பெனிக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். நன்றாக இருக்கிறது, ஆனால் நடுவில் முக்கால் நிமிஷம் வெறும் தாளம் ஓடுகிறது, வேறு யாரையாவது பெயர் உள்ளவனைப் பாடவைத்து நிரப்பு என்றாராம். அவள் கணினியை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தானே வெளியிட்டாள். நாற்பதாம் நாள் கோவில் பூசை முடிந்ததும் எல்லாரும் இளைஞர் மன்றத்துக் கூடத்தில் கூடினோம், அனூஷின் தங்கைகள் கறி வைத்த ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தார்கள், நான் ஏலக்காய் போட்ட சோறு செய்தேன். கூடம் கொள்ளாத கூட்டம். உவார்தா மேடையில் ஒரு மைக்கை மட்டும் வைத்துவிட்டுப் பாட்டைப் போட்டாள்.

முதலில் என் கல்யாண வயலின் வந்தது. உன் அப்பா என் காதில், வயலினை இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கலாம் என்றார். பிறகு வஹானின் குரல், மூச்சு வாங்குவதையும் அவள் வெட்டாமல் விட்டிருந்தாள். என்ன பாடினான் என்று நான் எழுதமாட்டேன், நீயே கேள். அவன் வரிகள் முடிந்தன. தாளம் மட்டும் ஓடியது. அப்போது முன்வரிசையிலிருந்து ஒருவன், எதிர்க் கட்டடத்தில் ராப் பாடுகிறவன், நல்ல பையன்தான், பெயர் வேண்டாம், மரியாதை செய்கிற மாதிரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மேடை ஏறி மைக்கை எடுத்தான். எல்லாரும் கைதட்டத் தொடங்கினார்கள். அனூஷ் எழுந்தாள். அவளுக்கு ராப் என்றால் தலைவலி, மகன் பாடுகிறான் என்பதால் சகித்தவள். நேரே மேடைக்கு நடந்துபோய் அவன் கையிலிருந்து மைக்கை வாங்கித் திரும்ப இடத்தில் வைத்தாள்.

"அந்த இடத்துல ஆள் இருக்குப்பா. வெளியூர் போயிருக்கான். நீ இறங்கு."

அவன் இறங்கிவிட்டான். அனூஷ் மைக்குக்குப் பக்கத்திலேயே, மேடையில், கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாளம் ஓடிக்கொண்டே இருந்தது. முக்கால் நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. அது முடிந்து கடைசியில் குழல் வந்ததும்தான் அவள் இறங்கினாள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ரொட்டி எல்லாருக்கும் வந்ததா என்று கேட்டாள்.

பாட்டு இப்போது அப்படியேதான் வெளியே ஓடுகிறது, நடுவில் ஆளில்லாமல். உவார்தா அதை மாற்றமாட்டாளாம், அனூஷ் அவளை மாற்றவிடவும் மாட்டாள். நீ எழுது என்றோ வா என்றோ நான் சொல்லவில்லை. பாவம் பார்த்து வராதே என்று அவனே சொல்லிவிட்டான், அதற்கு மேல் நான் யார். இதையெல்லாம் எழுதி முடித்தால் உள்ளே ஏதாவது அசையும் என்று நினைத்து உட்கார்ந்தேன். அசையவில்லை. பேனாவைப் பிடித்த விரல் வலிக்கிறது, அது தெரிகிறது.

நீ இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்காதே. கிடங்கில் கனமான பெட்டியைக் குனிந்து தூக்காதே, உட்கார்ந்து தூக்கு. வெள்ளிக்கிழமையாவது சூடாகச் சாப்பிடு. உன் அப்பா உனக்காகத் துஆ செய்கிறார், வெளியே காட்டிக்கொள்ளமாட்டார். நீ எடுத்துவைக்கும் அடியெல்லாம் வழுக்காமல் இருக்கட்டும், உன் பிழையும் என் பிழையும் இறைவன் பார்வையில் சிறியதாகட்டும்.

ஒன்றை மறக்காதே. அனூஷ் புது எண் வாங்கியிருக்கிறாள், உறைக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன். வருகிற ஞாயிறு விட்டு அதற்கு அடுத்த ஞாயிறு, உன் நேரம் காலை பத்து மணிக்கு அவள் உன்னை அழைப்பாள். என்ன பேசப்போகிறாய் என்று கேட்டேன், தெரியாது, அன்ஃபான் குரலைக் கேட்கணும் என்றாள். என் போனை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. அவள் போனை எடு.

உன் தாய்,
எஷாத்தா